மணிக்கூண்டு மோட்டாருக்கு ஓய்வு கொடுத்த கதை

“ஓடும்போது இதுக்கு ஒண்ணும் ஆகாது. நிக்கும்போதுதான்…”

திறப்பு விழாவில் பெரியவர் பேசியதில் இதுவரைக்கும் அய்யாவு என்பவனுக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. இதற்குப் பிறகு பெரியவர் மூச்சு வாங்க ஒரு நொடி நிறுத்தினார். பேச்சு நின்றதும் பட்டாசைக் கொளுத்த வேண்டும் என்று கமிட்டித் தலைவர் சொக்கையா சொல்லி வைத்திருந்தார். பேச்சு நின்றது, கொளுத்திவிட்டார்கள். ஐயாயிரம் வாலா. புகை அடங்கிப் பார்த்தபோது பெரியவர் காருக்குள் உட்கார்ந்து காதைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

பெரியவர் என்றால் திருவேங்கடம். கொப்புக்குளத்தில் பிறந்து, கோயம்புத்தூரில் நாற்பது வருஷம் மிஷின் செய்து, வயதான காலத்தில் ஊருக்கு ஏதாவது செய்யலாமே என்று மணிக்கூண்டுக் கடிகாரம் ஒன்றைச் செய்து கொண்டுவந்தவர். ஊரைப் பற்றி அவருக்குத் தெரியாமல் இல்லை. அதனால் ஒரு நிபந்தனை போட்டிருந்தார்.

“ஆறு வாரம் உங்ககிட்ட இருக்கட்டும். ஆறு வாரம் முடிஞ்சதும் வந்து பாப்பேன். மோட்டார் எரியாம இருந்து, மணியும் சரியாக் காட்டுச்சுன்னா உங்களுக்கு. இல்லேன்னா கழட்டி மருதிவயலுக்குக் கொடுத்துருவேன்.”

மருதிவயல் பக்கத்து ஊர். அங்கே இந்தச் செய்தி போன மூன்றாம் நாளே கூண்டு கட்டி, உச்சியில் வட்டமாக ஓட்டையும் போட்டு வைத்துவிட்டார்கள். கட்டியது அய்யாவின் மச்சினன் பரஞ்சோதி. தினமும் காலையில் போன் பண்ணுவான். “என்ன மாமா, இன்னும் எரியலையா? ஓட்டை வழியா மழை வருது மாமா” என்பான்.

கூண்டின் சாவி அய்யாவிடம் இருந்தது. நாற்பத்தெட்டு வயதில் ஊர் அவனை நம்பி ஒப்படைத்த முதல் பொருள் அதுதான். ஒரு தடவை திருவிழாவில் பால் பொங்குகிறதா பார்த்துக்கொள் என்றார்கள். பார்த்துக்கொண்டான். பொங்கியது. அதற்குப் பிறகு யாரும் அவனிடம் எதையும் கொடுத்ததில்லை. இப்போது சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டி, குளிக்கும்போதும் கழற்றாமல் திரிந்தான். கடிகாரம் போனால் சாவியும் போகும். மச்சினன் முகத்தில் விழிக்கவும் முடியாது.

கடிகாரத்தை ஓட்டுவது ஸ்டெப் மோட்டார். காற்றாடி மாதிரி சுற்றிக்கொண்டே இருக்கிற மோட்டார் இல்லை அது. படி ஏறுகிற மாதிரி நிமிஷத்துக்கு ஒரு அடி வைக்கும், நிற்கும். நிற்கிறபோதும் காற்று வந்து முள்ளைத் தள்ளிவிடாமல் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கும். பக்கத்தில் ஒரு குமிழ். அதில் ‘நட’, ‘நில்’, ‘ஓடு’ என்று மூன்று இடம். பெட்டிக் கதவில் பெரியவர் கைப்பட எழுதிய தாள் ஒன்றை ஒட்டியிருந்தார்.

‘1. தொட்டால் சுடும். பயப்பட வேண்டாம்.
2. ஒரு பங்கு வேலை, மூன்று பங்கு ஓய்வு.
3. நல்ல காற்று பட வேண்டும்.’

இதைவிடத் தெளிவாக யாரும் எழுத முடியாது என்று ஊரே ஒத்துக்கொண்டது.

முதல் நாள் முதல் விதியைச் சரிபார்த்தார்கள். அய்யாவு தொட்டான். சுட்டது. தலைவர் தொட்டார். அவருக்கும் சுட்டது. கமிட்டியில் கணக்குத் தெரிந்தவர் குருநாதன். அவர் இரண்டு கையாலும் தொட்டு, இரண்டிலும் ஒரே அளவாகச் சுடுவதாகச் சொன்னார்.

“பயமா இருக்கா?” என்றார் தலைவர்.

“இல்ல” என்றான் அய்யாவு, விரலை வாயில் வைத்துக்கொண்டு.

“அப்ப எல்லாம் சரியாத்தான் போகுது.”

அன்றிலிருந்து மணிக்கு ஒரு முறை மோட்டார் சரியாகச் சுடுகிறதா என்று யாராவது தொட்டுப் பார்ப்பது வழக்கமாயிற்று. ஒரு வாரத்தில் கமிட்டியில் கொப்புளம் இல்லாத விரல் குருநாதனின் இடது சுண்டு விரல் மட்டும்தான். அதை அவசரத்துக்கு என்று வைத்திருந்தார்.

இரண்டாவது வாரம் மழை பிடித்தது. சாரல் கூண்டுக்குள் அடித்தது. விடிந்ததும் அய்யாவு போய்த் தொட்டான். சுடவில்லை. வெதுவெதுப்பாக இருந்தது.

“அண்ணே, சுடல” என்றான், தலைவர் வீட்டு வாசலில் நனைந்தபடி நின்று.

தலைவர் குடையைக்கூட எடுக்காமல் வந்தார். தொட்டார்.

“தாள்ல என்ன போட்டிருக்கு?”

“தொட்டால் சுடும்னு போட்டிருக்குண்ணே.”

“இது சுடுதா?”

“இல்லண்ணே.”

“அப்ப நம்ம பொறுப்புல இருக்கும்போதுதான் ஏதோ ஆயிருக்கு. பெரியவர் வந்து தொட்டு, சுடாமப் போச்சுன்னா நம்மளைப் பத்தி என்ன நினைப்பாரு?”

தலைவர் வீட்டிலிருந்து கம்பளி வந்தது. மோட்டாரைச் சுற்றி மூன்று சுற்றுச் சுற்றி, சணலால் கட்டினார்கள். மத்தியானத்துக்குள் தொட முடியாத அளவுக்குச் சுட்டது. சாயங்காலம் கம்பளி கருகுகிற வாசனையும் வந்தது. கூண்டுக்குக் கீழே நின்றவர்களெல்லாம் மூக்கைப் பிடித்துக்கொண்டு மேலே பார்த்தார்கள்.

“பயப்படலாமா?” என்று கேட்டான் அய்யாவு.

குருநாதன் தாளைப் பார்த்தார். “கூடாது.”

ஆனால் அய்யாவுக்குப் பயமாக இருந்தது. யாருக்கும் தெரியாமல் பயந்தான். மருதிவயல் கூண்டின் ஓட்டை கண்ணுக்குள்ளேயே நின்றது. கம்பளியை அவிழ்த்துவிட்டு, மூன்றாவது விதியை எடுப்போம் என்றான்.

நல்ல காற்று பட வேண்டும். தலைவர் வீட்டு டேபிள் ஃபேனைக் கொண்டுவந்து வைத்தார்கள். கூண்டுக்கு இரண்டு ஜன்னல். ஒன்றின் வழியாகச் செங்கல் சூளைப் புகை வரும், இன்னொன்றின் வழியாக ஆட்டுக்கொட்டில் வாடை. இரண்டும் நல்ல காற்று இல்லை என்பதால் ஜன்னலை இறுக்கிச் சாத்தி, உள்ளே இருக்கிற நல்ல காற்று தப்பிப் போகாமல் பார்த்துக்கொண்டார்கள்.

அரை நாளில் ஃபேனின் பின்புறம் சுட ஆரம்பித்தது.

“ஃபேனுக்குள்ளயும் மோட்டார்தானே இருக்கு? அதுக்கும் காத்து வேணும்ல?” என்றார் தலைவர்.

இரண்டாவது ஃபேன் வந்து முதல் ஃபேனுக்கு வீசியது. இரண்டாவதற்கு வீச மூன்றாவது வந்தது. மூன்றாவதற்கு யார் வீசுவது என்று சாயங்காலம்வரை பேசினார்கள். கடைசியில் குருநாதன்தான் வழி கண்டுபிடித்தார். மூன்றையும் வட்டமாக, ஒன்றின் முதுகை ஒன்று பார்க்கும்படி வைத்துவிட்டால் வெளியிலிருந்து யாரும் வர வேண்டாம். வைத்தார்கள். மூன்று ஃபேனும் ஒன்றுக்கொன்று நன்றாக வீசிக்கொண்டன. மோட்டார் வட்டத்துக்கு வெளியே இருந்தது. கூண்டுக்குள் போனவர்கள் குளித்துவிட்டு வந்தவர்கள் மாதிரி இறங்கி வந்தார்கள்.

மிச்சம் இருந்தது இரண்டாவது விதி. ஒரு பங்கு வேலை, மூன்று பங்கு ஓய்வு.

“ஒரு மணி நேரத்தை நாலாப் பிரிச்சா கால் மணி. கால் மணி ‘நட’, முக்கால் மணி ‘நில்’. அவ்வளவுதான் கணக்கு” என்றார் குருநாதன்.

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்குத் தொடங்கினார்கள். அய்யாவு குமிழுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டான். கால் மணி நேரம் முள் நடந்தது. முக்கால் மணி நின்றது. மறுபடி கால் மணி நடந்தது.

கொப்புக்குளத்தில் அதற்குள் எல்லாரும் தங்கள் கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்திருந்தார்கள். ஊருக்கே ஒன்று இருக்கும்போது ஆளுக்கொன்று எதற்கு? வெயில் உச்சிக்கு வந்தபோது மணிக்கூண்டில் ஏழரை. பள்ளிக்கூடம் இன்னும் திறக்கவில்லை. மேற்கே சூரியன் இறங்கியபோது ஒன்பது. பிள்ளைகள் பையை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போனார்கள்.

கடைவீதியில் மெஸ் நடத்தும் வேலம்மாள் பன்னிரண்டு அடித்தால்தான் இலை போடுவாள். முப்பது வருஷத்துப் பழக்கம். பெஞ்சில் ஊர் முழுக்க உட்கார்ந்திருந்தது.

“வேலம்மாக்கா, பசி கண்ணை அடைக்குது” என்றார் சொக்கையா.

“மேல பாருங்க, இன்னும் பத்துகூட ஆகல. காலங்காத்தால சோறு கேக்குறீங்களே, வெக்கமா இல்ல? தலைவரே இப்படின்னா ஊரு உருப்படுமா?”

தலைவருக்கு வெட்கமாகத்தான் இருந்தது. பசியோடு உட்கார்ந்திருந்தார். மறுநாள் விடிய, கோழி கூவ, மணிக்கூண்டில் பன்னிரண்டு ஆயிற்று. வேலம்மாள் இலை போட்டாள். சாம்பார் புளித்திருந்தது. ஒருவரும் குறை சொல்லவில்லை.

இத்தனை ஓய்வு கொடுத்தும் மோட்டார் ஒரு பொட்டு ஆறவில்லை. இதுதான் அய்யாவைத் தின்றது. ‘நில்’லில் வைத்து முக்கால் மணி கழித்துத் தொட்டாலும் அதே சூடு. அசையாமல் நிற்கிற ஒன்றுக்கு எப்படிச் சூடு வரும்? மோட்டார் வேண்டுமென்றே செய்கிறதோ என்று அவனுக்கு ஒரு சந்தேகம். அதன் முன்னால் கை கட்டி நின்று, “உனக்கு நான் என்ன குறை வச்சேன்?” என்றுகூடக் கேட்டுவிட்டான்.

அந்த நேரம் படியேறி வந்த தாவீதுக்கு இது காதில் விழுந்தது. தாவீது பஞ்சாயத்து ஆபீஸ் வாட்ச்மேன். இருபது வருஷமாக ஆபீஸ் வாசலில் நிற்கிறவர்.

“என்ன அய்யாவு, அதுகிட்டப் போய்ப் பேசிட்டு இருக்க?”

“சும்மாதாண்ணே நிக்குது. ஆனா உடம்பெல்லாம் கொதிக்குது.”

தாவீது சிரித்தார். “சும்மா நிக்குதுன்னு யாரு சொன்னா? நான் காலைல எட்டு மணிக்கு வாசல்ல நிப்பேன். ஒரு அடி எடுத்து வைக்கிறதில்ல. சாயங்காலம் வீட்டுக்குப் போனா உடம்பு அனலா இருக்கும், கெண்டைக்கால் வெடிக்கும். என் வீட்டுக்காரியும் உன்னை மாதிரிதான் கேப்பா, சும்மாதானே நின்னீங்கன்னு. நிக்கிறதும் வேலைதான்பா. அதுவும் ஒண்ணைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறது பெரிய வேலை.”

அய்யாவுக்கு மண்டைக்குள் ஐயாயிரம் வாலா வெடித்தது. ஓடும்போது ஒண்ணும் ஆகாது. நிக்கும்போதுதான்… சூடு. பெரியவர் சொல்ல வந்தது அதுதான். கமிட்டி கூடியது. தாவீது சொன்னதை அய்யாவு சொன்னான். எல்லாரும் தாவீதை மரியாதையாகப் பார்த்தார்கள்.

“நின்னா சூடு. அப்ப என்ன பண்ணணும்?” என்றார் தலைவர்.

தாவீது வாயைத் திறப்பதற்குள் குருநாதன் முந்திக்கொண்டார். “நிக்கவே விடக்கூடாது.”

குமிழை ‘ஓடு’வில் வைத்தார்கள்.

அந்த இடம் முள்ளைச் சீக்கிரம் திருப்பி மணி சரிசெய்வதற்காக வைத்தது. பெரிய முள் சரசரவென்று ஓடியது. பன்னிரண்டு மணி நேரம் இருபது நிமிஷத்தில் முடிந்தது. ஒரு பகல், ஒரு இரவு சேர்ந்து நாற்பது நிமிஷம்.

ஊர் சுறுசுறுப்பாகிவிட்டது. நாற்பது நிமிஷத்துக்கு ஒரு முறை வேலம்மாள் மத்தியானச் சாப்பாடு போட்டாள். சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் இருட்டும் நேரம் வந்துவிடும். பாயை விரித்துப் படுத்து, புரண்டு படுப்பதற்குள் விடிந்துவிடும். வாரத்துக்கு ஒரு முறை முகம் மழிக்கிற தலைவர் அன்று மட்டும் மூன்று முறை மழித்துக்கொண்டார். மூன்றாவது முறை நாவிதர் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு எதை மழிப்பது என்று தேடினார்.

“வயசாயிருச்சுல்ல, முடி வளர மாட்டேங்குது” என்றார் தலைவர். “போன வாரத்துக்கு இந்த வாரம் எனக்கே தெரியுது.”

அய்யாவு கீழே இறங்கவே இல்லை. முள் ஓட ஓட, மருதிவயல் ஓட்டை தூரமாகப் போய்க்கொண்டிருப்பதாக அவனுக்குத் தோன்றியது. குருநாதன் சுவரில் கரிக்கோடு போட்டு நாளை எண்ணிக்கொண்டு வந்தார். இருபத்தெட்டு மணி நேரம் ஓடியதும் கரியைக் கீழே வைத்தார்.

“அய்யாவு, நாப்பத்திரண்டு நாள் ஆச்சு. ஆறு வாரம் முடிஞ்சுது.”

அய்யாவு உடனே கோயம்புத்தூருக்குப் போன் போட்டான்.

“ஐயா, கெடு முடிஞ்சுதுங்க. மோட்டார் எரியல. நீங்க இன்னும் வரலீங்களே?”

“இப்பதானப்பா மூணு வாரம் ஆகுது” என்றார் திருவேங்கடம்.

“உங்க ஊர்க் கடிகாரம் மெதுவா ஓடுது போலிருக்குங்க” என்றான் அய்யாவு பணிவாக.

பெரியவர் மறுநாளே காரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். கூண்டு ஏறினார். மூன்று ஃபேன், சாத்திய ஜன்னல், கருகிய கம்பளி, சுவர் நிறையக் கரிக்கோடு எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். கடைசியில் மோட்டார் மேல் விரலை வைத்து, வைத்த வேகத்தில் எடுத்தார்.

“சுடுதுங்களா?” என்றார் தலைவர் ஆவலாக.

பெரியவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் கொடுத்தார்கள். குடித்தார்.

“இன்னும் எரியாம இருக்குன்னா, அது மோட்டாரோட நல்ல குணம்” என்றார். எழுந்து ஜன்னலைத் திறந்தார். குமிழை ‘நட’வில் வைத்து மணியைச் சரிசெய்தார். பெட்டிக்குள் ஒரு சிவப்புத் திருகைத் திருகினார். “கேட்டுக்கங்க. இனிமே அடி எடுத்து வைக்கிற அந்த ஒரு நொடிதான் மோட்டாருக்குக் கரண்ட் போகும். நிக்கிறபோது போகாது. அதனால சூடாகாது. ஆனா, காத்தடிச்சா முள்ளு நகரும். அதைப் பிடிச்சுக்க ஒரு பிரேக் செஞ்சு அனுப்புறேன். பத்து நாள் ஆகும். அதுவரைக்கும் முள்ளு நகராம பாத்துக்கணும். மிச்சம் மூணு வாரம் இருக்கு. அதுக்கப்புறம்தான் வருவேன். அதுவரைக்கும் யாரும் எனக்குப் போன் பண்ணக் கூடாது.”

பெரியவர் போனதும் கமிட்டி கூடியது.

“முள்ளை யாராவது பிடிச்சுக்கிட்டு நிக்கணும்” என்றார் குருநாதன்.

“பிடிச்சுக்கிட்டு நிக்கிறது பெரிய வேலைன்னு நம்மகிட்ட யாரு சொன்னா?” என்றார் தலைவர்.

எல்லாரும் தாவீதைப் பார்த்தார்கள். ஊரில் விஷயம் புரிந்த ஆள் அவர் ஒருத்தர்தான். அதனால் மாட்டிக்கொண்டார்.

முள்ளின் தண்டு சுவரைத் துளைத்துக் கூண்டுக்குள் வந்து ஒரு சிறு சக்கரத்தில் முடியும். தாவீது அந்தச் சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்பார். நிமிஷத்துக்கு ஒரு முறை ‘டக்’ என்று சத்தம் வரும்போது விடுவார், மறுபடி பிடிப்பார். மோட்டார் பானைத் தண்ணீர் மாதிரி சில்லென்று ஆகிவிட்டது. தாவீதுதான் வேர்த்துக் கொட்டினார்.

“அய்யாவு, முதுகு எரியுதுப்பா.”

அய்யாவு தொட்டுப் பார்த்தான். சுட்டது. தாளைப் படித்தான். “பயப்பட வேண்டாம்ணே” என்றான். சும்மா சொல்லவில்லை, மூன்று ஃபேனையும் எடுத்துவந்து அவர் முதுகுக்கு வீசும்படி வைத்தான். ஒரு மணி நேரம் அவர் நின்றால் அடுத்த மூன்று மணி நேரம் அய்யாவு, குருநாதன், தலைவர் என்று முறை போட்டுக்கொண்டார்கள். ஆனால் தலைவர் கை நடுங்கி முள்ளை இரண்டு நிமிஷம் நகர்த்திவிட்டார், குருநாதன் நின்றபடியே தூங்கினார், அய்யாவுக்கு ‘டக்’ சத்தம் கேட்டால் விடுவதா பிடிப்பதா என்று குழம்பியது. இரண்டாம் நாளிலிருந்து தாவீதே நின்றார்.

பத்தாம் நாள் பார்சல் வந்தது. உள்ளே எண்ணெய் போட்டுப் பளபளவென்று பிரேக். எலுமிச்சம்பழம் அளவுதான் இருக்கும்.

“இம்புட்டுக் குட்டியா இருக்கு” என்றார் தலைவர். “தாவீதே தாங்கல. இது எங்க தாங்கும்?”

“புதுசு வேற. வந்ததும் வராததுமா வேலை குடுக்கக் கூடாது” என்றார் குருநாதன். “மூணு பங்கு ஓய்வு முதல்ல முடியட்டும். அப்புறம் ஒரு பங்கு வேலை.”

பிரேக்கை அலமாரியில் பஞ்சு விரித்துப் படுக்க வைத்தார்கள்.

கெடு முடிந்த வெள்ளிக்கிழமை பெரியவர் வந்தார். ஜன்னலைத் திறந்துவிட்டிருந்ததால் ஆடி மாதத்துக் காற்று கூண்டுக்குள் புகுந்து விளையாடியது. பரஞ்சோதியும் ஒரு டிராக்டரோடு வந்து கீழே நின்றான், கழற்றினால் ஏற்றிக்கொண்டு போக. அய்யாவு அரைஞாணில் இருந்த சாவியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு பெரியவருக்குப் பின்னால் படியேறினான்.

பெரியவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நாலு மணி, மூன்று நிமிஷம். முள்ளைப் பார்த்தார். நாலு மணி, மூன்று நிமிஷம். மோட்டாரைத் தொட்டார். கையை எடுக்கவில்லை. அப்படியே கொஞ்ச நேரம் வைத்திருந்தார்.

“சரிதான்” என்றார். “கடிகாரம் கொப்புக்குளத்துக்கே.”

கீழே பட்டாசு வெடித்தது. டிராக்டர் திரும்பிப் போகிற சத்தம் கேட்டது. அய்யாவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

சத்தம் அடங்கியதும் பெரியவர் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிற ஆளைப் பார்த்தார்.

“இது யாரு?”

“பிரேக்குங்க” என்றான் அய்யாவு.

“நான் அனுப்புனது?”

“அது ஓய்வுல இருக்குங்க.”

பெரியவர் தாவீதைப் பார்த்தார். தாவீது பெரியவரைப் பார்த்தார். ‘டக்’ என்றது. தாவீது விட்டார், பிடித்தார்.

“இனிமே மோட்டாரைப் பத்திக் கவலை இல்ல” என்றார் பெரியவர், படியிறங்கிக்கொண்டே. “அந்த மனுஷனைப் பாத்துக்கங்கப்பா.”

அய்யாவு அதை மனசில் வாங்கிக்கொண்டான். பெட்டிக் கதவில் இருந்த தாளைக் கிழியாமல் உரித்தெடுத்து, நாலு மூலையிலும் பசை தடவி, தாவீதின் சட்டை முதுகில் ஒட்டினான். ஒட்டிவிட்டு, முதல் விதிப்படி அவரைத் தொட்டுப் பார்த்தான். ஆடிக் காற்றும் மூன்று ஃபேனும் சேர்ந்து அடித்ததில் தாவீது சில்லென்று இருந்தார்.

அய்யாவு தலைவர் வீட்டுக் கம்பளியை எடுத்துவரச் சொன்னான்.